கேட்டு வாங்கும் மந்தி

அந்த டீச்சர் என் கடைக்கு முதன்முதலில் வந்து கேட்டது ஒற்றைச் சாக்ஸ்.

குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் எனக்குத் துண்டுக்கடை. துண்டு, சோப்பு, எண்ணெய்ப் பாக்கெட், சின்னப் பிள்ளைகளுக்கு ஜட்டி, இவ்வளவுதான் சரக்கு. குளிக்கப் போகிறவர்கள் செருப்பையும் ஷூவையும் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது ஈரக்காலில் ஷூவை மாட்ட முடியாது. கையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அப்போது சாக்ஸ் விழும். ஒன்றுதான் விழும். ஜோடியாக விழுந்து நான் பார்த்ததில்லை. சீசன் முடிவதற்குள் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்துவிடும். வைத்துக்கொள்ளவும் வகை கிடையாது, எரிக்கவும் முடியாது. சாரல் நேரத்தில் இந்த ஊரில் அடுப்பே எரியாது, சாக்ஸ் எங்கே எரியும்.

அந்தச் சாக்கை எப்படி ஒழிப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் குடையை மடக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒத்தைச் சாக்ஸ் கெடக்குன்னு சொன்னாங்க. எனக்குக் குடுப்பியளா?"

"ஒத்தைக் காலுக்கா?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி, கைக்கு."

பக்கத்து டீக்கடை செய்யது பாய் கண்ணாடிக் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இந்த வருசம் சாரல் கூடுதல்தான் அண்ணாச்சி. சிலருக்கு மண்டைக்குள்ளயே எறங்கிட்டு" என்றார். பாய்க்குக் கடையநல்லூர். காலையில் முதல் பஸ்ஸில் வந்து கடை திறக்கிறவர். வாய் மட்டும் வீட்டிலிருந்தே திறந்து வரும்.

வேறு ஒரு பொம்பளையாக இருந்தால் முறைத்திருப்பாள். இவர் சிரித்துவிட்டு, "எறங்கிட்டுதான் போல பாய். சூடா ஒரு டீ குடுங்க, ஏறுதான்னு பாப்போம்" என்றார். பாய் கிளாஸை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். டீயைக் கொடுத்தார். நான் சாக்கைக் கொடுத்தேன்.

வாய்க்காலைத் தாண்டி இருக்கிற அங்கன்வாடிக்கு அவர் புதிதாக வந்திருந்தார். தென்காசியிலிருந்து பஸ்ஸில் வருவார். குட்டையான ஆள். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் எப்போதும் ஊசி நூல். அந்தச் சாக்ஸையெல்லாம் வெந்நீரில் அவித்து, சோப்புப் போட்டு அலசி, அங்கன்வாடி ஜன்னல் கம்பியில் வரிசையாகக் காயப்போட்டிருந்தார். அந்தப் பக்கம் போனவர்கள் யாரோ ஒரு பெரிய பட்டாளம் வந்து உள்ளே தங்கியிருப்பதாக நினைத்தார்கள்.

சாக்ஸில் பொம்மை செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கையை உள்ளே விட்டு, விரல் நான்கும் மேலே, பெருவிரல் கீழே. நடுவில் மடித்து உள்ளே தள்ளினால் அதுதான் வாய். வாய்க்குள் சிவப்புத் துணி ஒட்ட வேண்டும், அது நம் கடைத் துண்டின் ஓரம். குதிகால் புடைத்திருக்கிற இடம் நெற்றியாகிவிடும். அதற்குக் கீழே சட்டைப் பொத்தான் இரண்டு, கண். காதும் வாலும் அவரவர் இஷ்டம். ஒரு மத்தியான நேரத்தில் முடிந்துபோகிற காரியம்.

அப்படித்தான் டீச்சர் முதலில் சொன்னார். பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இந்தக் கண்ணு நிக்க மாட்டேங்கு. பிள்ளைங்க ஒரு இழுப்பு இழுத்தா கையோட வந்துருது. ஒங்களுக்குப் பொத்தான் தைக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

துண்டுக்கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன், கையெழுத்துப் போடவே விரல் நடுங்கும். ஆனால் ஊசி என்றால் நடுங்காது. அவர் தைத்திருந்ததைப் பார்த்தேன். நூல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. "இப்படித் தச்சா எப்படி நிக்கும்? குடுங்க இங்கன" என்று வாங்கி, கீழே ஒரு துணித்துண்டு கொடுத்து, நாலு ஓட்டையிலும் குறுக்கே போட்டு இறுக்கிக் கொடுத்தேன். அவர் வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தான் அனுபவம் வேணும்ங்கிறது" என்றார். அன்றிலிருந்து எல்லாப் பொம்மைக்கும் கண் வைக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. யானைக்கு வைத்தேன், ஆட்டுக்கு வைத்தேன், பல்லிக்குக்கூட வைத்தேன். வாடிக்கையாளர் வந்து நின்றால், "ஒரு நிமிசம் இருங்க, இந்த ஆட்டுக்குக் கண்ணு தெரியல" என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டது.

அவர் போட்டிருக்கிற ஜாக்கெட்டையெல்லாம் அவரே தைத்துக்கொள்கிறார் என்பதும், தென்காசியில் அவர் தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் தைத்துக்கொடுக்கிறார் என்பதும் எனக்கு அடுத்த சீசனில்தான் தெரிந்தது. சொன்னவர் செய்யது பாய். நான் போய்க் கேட்டேன். "இல்ல அண்ணாச்சி, ஒங்க தையலு வேற, என் தையலு வேற. ஒங்களுதுதான் நிக்குது" என்று சொல்லிவிட்டார். இன்று வரை அது நிஜமா, என்னை ஏய்த்ததா என்று எனக்குத் தெரியாது. ஏய்த்ததாகவே இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

பாயும் தப்பவில்லை. அங்கன்வாடி அடுப்பு புகைகிறது என்று அவரிடம் போய், "அடுப்பு மூட்ட ஒரு பக்குவம் இருக்காமே பாய்" என்று ஆரம்பித்திருக்கிறார். பாய் ஒரு மணி நேரம் பக்குவம் சொன்னார். மறுநாள் அவரே போய் அடுப்பைப் பிரித்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு வந்து, "அந்த டீச்சருக்கு ஒரு மண்ணும் தெரியல அண்ணாச்சி, பாவம்" என்று பெருமையாகச் சொன்னார்.

அந்த அம்மாவின் குணம் இதுதான். எல்லோரிடமும் தோற்பார். பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை வந்தால் தோற்பார். கீரைக்காரியிடம் தோற்பார். பிள்ளைகளிடம் தோற்பதுதான் அவருக்குச் சம்பளமே என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பொம்மைகளில் ஒன்றுக்காவது அறிவு கிடையாது. யானைக்கு எது வலது கை என்று தெரியாது. ஆட்டுக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பிள்ளைகள்தான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். "வாத்தியாருக்குத் தெரிஞ்சா பிள்ளைக்கு என்ன லாபம் அண்ணாச்சி? பொம்மைக்குத் தெரியாம இருந்தாத்தான் பிள்ளைக்குத் தெரியும்" என்பார். பொம்மை பேசும்போது அவர் உதடு அசைவது நன்றாகவே தெரியும். மறைக்க மாட்டார். ஆனால் பொம்மை சொல்வதை அவரே இப்போதுதான் கேட்கிற மாதிரித் தலையைச் சாய்த்து அதையே பார்ப்பார். பிறகு நாமும் அதைத்தான் பார்ப்போம்.

மந்தி விஷயத்தில் மட்டும் அவர் நிஜமாகவே தோற்றார்.

தென்காசியில் டீச்சர்களுக்கு ஏதோ பயிற்சி நடந்திருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்தவர், குரங்குப் பொம்மையைக் காட்டினால் சிரிக்காத பிள்ளை உலகத்திலேயே கிடையாது என்று சொல்லியிருக்கிறார். இவரும் ஒரு மண்நிறச் சாக்ஸை எடுத்து, நீள வால் வைத்து, நல்ல மந்தியாகச் செய்துவிட்டார். கண் நான்தான் வைத்தேன். அது எப்படி ஆடுகிறது என்று பார்க்க அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் தட்டில் முட்டையோடு உட்கார்ந்திருந்தன. டீச்சர் கதவுக்குப் பின்னால் இருந்து மந்தியை மட்டும் நீட்டி, "நான் வந்துட்டேன்" என்றார்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அத்தனையும் தட்டின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டன. இரண்டு பிள்ளைகள் அழுதன. ஒருத்தன் விளக்குமாற்றை எடுத்து வந்து மந்தியின் தலையில் ஒரு போடு போட்டான். உதவிக்கு இருந்த ஆயா, பழக்கதோஷம், "தூ, போ சவமே" என்று கரண்டியை ஓங்கிவிட்டாள்.

குற்றாலத்துப் பிள்ளைக்கு மந்தி விளையாட்டுச் சாமான் இல்லை. கையில் இருக்கிற முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு கூரையில் ஏறி உட்கார்ந்து பல்லைக் காட்டுகிற திருட்டுச் சவம். எந்த வீட்டிலும் வாசலில் கம்பு சாத்தியிருக்கும்.

டீச்சர் கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். "தென்காசியிலயே பொறந்து வளந்துட்டு இந்தக் கோட்டித்தனம் செஞ்சேன் பாத்தியளா அண்ணாச்சி. யாரோ சொன்னாங்கன்னு மந்திய எடுத்துட்டு வந்துட்டேன்."

"பிரிச்சி எடுத்துட்டு முயலாக்கிருங்க" என்றேன். "கண்ணு அப்படியே இருக்கட்டும்."

"பாப்போம்" என்றார்.

மறுநாள் நடந்ததை ஆயா வந்து சொன்னாள். அந்த மந்தி தலையில் ஒரு கட்டோடு வந்தது. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டது.

"வராத" என்று பிள்ளைகள் கத்தின.

"ஏன்?"

"நீ பிடுங்குவ."

"பிடுங்காம எப்படி வாங்கணும்? எனக்குத் தெரியாதே. எங்க வீட்டுல யாரும் சொல்லித்தரல."

அந்தப் பிள்ளைகள் முழித்தன. அப்புறம் விளக்குமாற்றால் அடித்தவனே எழுந்திருந்து, "கேக்கணும்லே" என்றான். எப்படிக் கேட்பது என்று மந்திக்குத் தெரியவில்லை. அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மந்தி இரண்டு கேட்டுவிட்டு மூன்றை எடுத்தது. அவர்கள் எண்ணச் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஒன்றுக்குப் பிறகு நாலு என்றது. அத்தனை பிள்ளைகளும் தலையில் அடித்துக்கொண்டன. அந்தச் சத்தம் வாய்க்கால் தாண்டி என் கடைக்குக் கேட்டது.

இனிமேல்தான் நான் சொல்லவந்த விஷயம். பேச்சியும் அவள் மகளும்.

என் கடைக்கு எதிரே பேச்சி பழவண்டி போட்டிருந்தாள். ரம்புட்டான், மங்குஸ்தான், கொய்யா. புருஷன் கொல்லத்துப் பக்கம் லோடு ஏற்றப் போவான், எப்போதாவது வருவான். மகள் கோமு. நாலு வயசு இருக்கும். அந்தப் பிள்ளை வண்டிக்காலோடு கட்டப்பட்டிருக்கும். பழைய சேலையைக் கிழித்துப் பின்னிய கயிறு, ஒரு முனை பிள்ளையின் இடுப்பில், ஒரு முனை வண்டிக்காலில். கையில் ஒரு கம்பு. பழத்துக்கு மந்தி வந்தால் விரட்டுகிற வேலை அதற்கு.

பார்க்கிறவர்கள் பேச்சியைத் திட்டுவார்கள். காரில் வந்து இறங்குகிற அம்மாமார்கள் போட்டோ எடுப்பார்கள். பேச்சி பாட்டுக்குப் பழத்தை அடுக்கிக்கொண்டிருப்பாள். போன சீசனில் ஒரு கூட்ட நாளில் கோமு காணாமல் போய்விட்டது. அருவிக்கரையில் தேடினோம், கோயில் பக்கம் தேடினோம். பேச்சி தண்ணீரையே பார்த்துக்கொண்டு கத்தினாள். பொழுது சாய்கிற நேரத்தில் வேன் நிறுத்துகிற இடத்தில், எந்த ஊர்க்காரர்களோ புளியோதரை கொடுக்க, அது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வேன் கிளம்பியிருந்தால் பிள்ளை எந்த ஊரோ. அன்றைக்குப் போட்ட முடிச்சு. அவிழ்க்கச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

டீச்சர் ஒரு தடவை நேராகவே கேட்டுப் பார்த்தார். "பேச்சி, பிள்ளைய அனுப்பேன். நான் பாத்துக்கிடுதேன்."

"ரோட்டைத் தாண்டணும் டீச்சர். பஜாரைத் தாண்டணும். ஒங்களுக்கு ஒரு கூட்டம் பிள்ளைய. எனக்கு இது ஒண்ணுதான்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு டீச்சர் வந்துவிட்டார். எனக்குக் கோபம். "என்ன டீச்சர், அவ சொன்னா ஒடனே சரிங்கிய? அது காலம்பூரா அங்கனயே கெட்டிக் கெடக்கவா?" என்றேன்.

"அவ சொல்லுததுல தப்பு இருக்கா அண்ணாச்சி?"

தப்பு இல்லைதான். அதனால்தான் கோபம்.

மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், அங்கன்வாடிக்குப் போகாமல் பழவண்டிக்குப் போனார். பையிலிருந்து மந்தியை எடுத்துக் கையில் மாட்டி, வண்டி ஓரமாக மெதுவாக நீட்டினார். கோமு யோசிக்கவே இல்லை. கம்பால் ஒரே வீச்சு. டீச்சர் கையை உதறினார். மந்தி வண்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டு, "அக்கா, நான் பிடுங்க வரல. கேக்க வந்தேன்" என்றது.

கோமு குனிந்து பார்த்தது. நாலு வயசுப் பிள்ளையை அதுவரை யாரும் அக்கா என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

"என்ன வேணும்?"

"அந்த முள்ளெலி வேணும்."

"அது முள்ளெலி இல்ல, ரம்புட்டான்."

"கடிக்குமா?"

"அது பழம்லே. கடிக்காது. நீதான் கடிக்கணும்."

பேச்சி கொய்யாவை அடுக்கிக்கொண்டே, "டீச்சர், நீங்க எதுக்கு வாரியன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"பழம் வாங்கத்தான் பேச்சி" என்றார் டீச்சர். வாங்கவும் செய்தார்.

அதிலிருந்து தினமும் மந்தி வந்தது. தினமும் ஏதாவது தெரியாமல் வந்தது. மங்குஸ்தானைத் தோலோடு தின்றுவிட்டு வாய் கசக்கிறது என்று அழுதது. பெரிய பழத்தைச் சின்னது என்றது. கோமுவுக்குக் கோபம் கோபமாக வரும். கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் சொல்லிக்கொடுக்கும். எனக்கும் பாய்க்கும் வியாபாரம் நின்றுபோகும். வெளியூர்க்காரர்கள் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். அதைப் பேச்சி கவனிக்காமல் இல்லை.

ஒரு நாள் மந்தி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

"என்னலே ஆச்சு?" என்றது கோமு.

"அங்கன இருக்குற பிள்ளைய எல்லாம் ஒரே நேரத்துல சொல்லித்தாராங்க அக்கா. ஒண்ணும் புரியல. நீ வந்தா புரியும்."

கோமு அம்மாவைப் பார்த்தது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. இடுப்புக் கயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, மந்தியிடம், "நான் வர முடியாது. நான் கெட்டியிருக்கேன்" என்றது, கடை சாத்தியிருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

பேச்சி கையில் இருந்த தராசை வைத்துவிட்டாள். முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு, "இதுக்குத்தான் இத்தன நாளா வந்தியளா டீச்சர்? நல்லாருக்கு. அந்தக் கூட்டத்தைப் பாருங்க. அதுக்குள்ள எப்படி அவுத்து விடச் சொல்லுதிய?" என்றாள்.

நான் டீச்சரைப் பார்த்தேன். இப்போதாவது நாலு வார்த்தை எடுத்துச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அவுக்க வேண்டாம் பேச்சி" என்றார். "நீ சொல்லுததுதான் சரி. இந்தக் கூட்டத்துல அவுத்து விட்டா நானே பயந்துருவேன். முடிச்சு பிள்ளை இடுப்புலயே இருக்கட்டும். வண்டிக்கால்ல இருக்குற முனைய மட்டும் எடுத்து என் கையில கெட்டு."

பேச்சிக்குப் புரியவில்லை. டீச்சர் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லா இறுக்கியே கெட்டு. நீ வந்து அவுக்குற வரைக்கும் நான் அவுக்க மாட்டேன்."

"சமைக்கணுமே டீச்சர்."

"ஒத்தைக் கை இருக்குல்லா."

செய்யது பாய் வாயைத் திறந்தார். ஏதாவது கேலி சொல்வார் என்று பார்த்தேன். "நல்லாக் கெட்டு பேச்சி. இந்த டீச்சரை நம்பாத, எங்கயாவது தொலஞ்சி போயிரும்" என்றார். பேச்சி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கட்டினாள். மாட்டுக்குப் போடுகிற மாதிரி இறுக்கித்தான் கட்டினாள்.

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் கோமு, கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு. பின்னால் கயிற்றில் கட்டிய டீச்சர். அவருடைய வலது கையில் மந்தி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வழி கேட்டுக்கொண்டு. சிப்ஸ் போடுகிறவர்கள் சட்டுவத்தை எண்ணெய்க்குள்ளேயே விட்டுவிட்டுப் பார்த்தார்கள். வேன் டிரைவர்கள் ஹாரனை அடிக்காமல் நிறுத்தி வழிவிட்டார்கள். யாரோ ஒருத்தர், "என்ன டீச்சர், பிடிச்சிட்டுப் போறாளா?" என்று கேட்டதற்கு, "ஆமா அண்ணாச்சி, ஜாமீன் கிடையாதாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். தேரோட்டத்துக்குக்கூட அந்தக் கடைவீதி அப்படி ஒதுங்கி நின்று நான் பார்த்ததில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சத்துமாவு கிண்டியது ஒற்றைக் கையால். கோமு எழுந்தால் இவரும் எழுவார், அது கழிவறைக்குப் போனால் இவர் கதவுக்கு வெளியே நிற்பார். மத்தியானம் பேச்சி ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிள்ளை நடுவில் நின்றுகொண்டு மந்தியைத் திட்டிக்கொண்டிருந்ததாம். கயிறு அப்படியே இருந்ததாம். திரும்பி வந்து பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளே கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்படியே போயிற்று. டீச்சர் மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு தடம் விழுந்துவிட்டது. "அவுத்துட்டு பெறவு கெட்டிக்கிட்டா அவளுக்கு எங்க தெரியப்போவுது" என்று ஆயா சொன்னதற்கு, "பிள்ளைக்குத் தெரியும்லா" என்றாராம்.

அந்தச் சீசனில் சாரல் கூடுதல் என்றாலும் பெருமழை பிந்தித்தான் பிடித்தது. பிடித்தபோது ஒரேயடியாகப் பிடித்தது. மலை மேலே கறுத்துக்கொண்டு வந்த ஒரு காலையில், அருவியில் திடீரென்று தண்ணீர் கூடி, போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் குளிக்கிற ஆட்களை வெளியேற்றினார்கள். அது வழக்கம்தான். ஆனால் அன்றைக்குக் கூட்டம் அதிகம். ஈரத்துணியோடு அத்தனை பேரும் எங்கள் வழியாக ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். என் கடைத் தட்டி சரிந்தது. பேச்சியின் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து பழமெல்லாம் ரோட்டில் உருண்டது.

பேச்சி பழத்தைப் பார்க்கவில்லை. தரையில் விழுந்து வண்டிக்காலைத் தடவினாள். "கோமு, ஏட்டி கோமு" என்று கத்திக்கொண்டே அந்தக் காலை இரண்டு கையாலும் தடவினாள். அங்கே கயிறு இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் சரிந்த தட்டியைத் தாண்டி ஓடினேன்.

"பேச்சி, பிள்ளை இங்கன இல்லட்டி. டீச்சர்கிட்ட இருக்கு. நீதான காலைல கெட்டி அனுப்புன."

அவளுக்கு அது ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆட்கள் எங்கள் மேல் இடித்துக்கொண்டு போனார்கள். வண்டிக்காலைப் பிடித்தபடியே பேச்சி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பிள்ளை இங்கே கட்டிக் கிடந்திருந்தால் வண்டி யார் மேல் சாய்ந்திருக்கும் என்று அவள் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குள் கூரையிலிருந்து மந்திகள் இறங்கி ரம்புட்டானைப் பொறுக்க ஆரம்பித்திருந்தன. பேச்சி அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, சிரிக்கிறாள். "தின்னுங்க, தின்னுங்க. கேக்காமலே தின்னுங்க சவங்களா" என்றாள். அகப்பட்ட பழங்களை மடியில் வாரிக் கட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள். நானும் பாயும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் போனோம்.

அங்கே பிள்ளைகளுக்கு வெளியே நடந்தது ஒன்றும் தெரியாது. மந்திக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியவில்லை என்பதுதான் அங்கே பெரிய பிரச்சினையாக ஓடிக்கொண்டிருந்தது. பேச்சி நேராக டீச்சரிடம் போய் இடது கையைப் பிடித்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். ஈரத்தில் முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"என்ன பேச்சி, இன்னும் மத்தியானம் ஆகலியே" என்றார் டீச்சர்.

"போதும் டீச்சர்."

"சீசன் முடியட்டுமே. எனக்குப் பழகிட்டு."

"எனக்குப் போதும்னு சொல்லுதேன்." கோமுவின் இடுப்பு முடிச்சையும் அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால், "நான் தோத்துட்டேன் டீச்சர். நீங்க ஜெயிச்சிட்டிய" என்றாள்.

அந்த அம்மாவை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் அவருக்குப் பதில் இருக்கும். அன்றைக்குப் பதில் வரவில்லை. ஜெயித்துப் பழக்கம் இல்லாத ஆள். காதெல்லாம் சிவந்துவிட்டது. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். கடைசியில் கையில் இருந்த மந்தியைப் பார்த்தார். மந்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

"அட, டீச்சருக்கு வாயடைச்சிட்டே" என்று செய்யது பாய் கையைத் தட்டினார். என்னத்துக்கு என்று தெரியாமலே பிள்ளைகளும் தட்டின. ஆயா கரண்டியால் தட்டினாள். பேச்சி மடியிலிருந்து பழத்தைக் கொட்டினாள். பிள்ளைகள் பாய்ந்தன. கோமு நடுவில் போய்க் கம்பை நீட்டி, "கேட்டுத்தான் வாங்கணும்" என்றது. அத்தனையும் வரிசையில் நின்றன. பாயும் நின்றார். நானும் நின்றேன். எனக்கு ஒரு மங்குஸ்தான் கிடைத்தது.

அந்த டீச்சர் பிறகு செங்கோட்டைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். அங்கே மலையாளம் கலந்து பேசுகிற பிள்ளைகள் என்றும், அவர்களிடம் தினமும் மலையாளத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்றும் பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னார். கோமு இப்போது பெரிய வகுப்புப் படிக்கிறது. பேச்சி கடையாகவே போட்டுவிட்டாள்.

எனக்கு அதையெல்லாம்விட, பேச்சி முடிச்சை அவிழ்த்ததற்கு மறுநாள் காலைதான் ஞாபகம். அதே கூட்டம், அதே ஈரம். டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கையை நீட்டினார். கோமு அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "நீங்க மெதுவா வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடியது. பேச்சி ஒரு வாடிக்கையாளருக்குக் கொய்யா நிறுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "ஏட்டி, ஓரமாப் போ" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தட்டில் இன்னொரு கொய்யாவை வைத்தாள். பிள்ளை பஜார் முனை திரும்புகிற வரைக்கும் நான் எழுந்து நின்று பார்த்தேன். பேச்சி பார்க்கவில்லை.